அரிசி அனுப்பிய கை கதவையும் திறக்கட்டும்!



'தொப்புள்கொடி உறவு' என்று மேடைதோறும் முழங்குகின்றோம். கடலுக்கு அப்பால் அவ்வுறவின் அடுப்பு அணைந்து கிடந்த 2022-ஆம் ஆண்டில் நாம் செய்தது என்ன, செய்யத் தவறியது என்ன என்று நெஞ்சில் கைவைத்து எண்ணிப் பார்த்தோமா?

வாங்கிய அயற்கடனைத் திருப்பித் தர இயலாதென அவ்வாண்டு ஏப்பிரல் 12-இல் இலங்கை அரசு கைவிரித்தது. 2019-இல் வரிகளைக் கண்மூடிக் குறைத்தார்கள். 2021-இல் செயற்கை உரத்தைத் திடுமெனத் தடைசெய்து உழவரை வீழ்த்தினார்கள்; விளைச்சல் குன்றியபின் அவ்வாண்டு நவம்பரில் தாமே அத்தடையை விலக்கினார்கள். அயற்செலாவணி வறண்டது. மண்ணெண்ணெய்க்கும் எரிவளி உருளைக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றனர். தாளும் மையும் வாங்க வழியின்றி, கொழும்பைச் சூழ்ந்த மேல் மாகாணப் பள்ளிகளில் தேர்வுகளையே தள்ளிவைத்தனர்.

சூலை 9-இல் மக்கள் வெள்ளம் ஆட்சித்தலைவர் மாளிகைக்குள் புகுந்தது. 13-இல் கோத்தபய இராசபக்ச மாலத்தீவுக்குப் பறந்தார். 2009-இல் முள்ளிவாய்க்காலில் நம் இனம் அழிக்கப்பட்டபோது பாதுகாப்புச் செயலராக வீற்றிருந்தவர் இவரே. நாட்டைக் கெடுத்தவர்க்கு வானூர்தி கிடைத்தது. கெட்டுப்போன குடிகளுக்கோ கள்ளப்படகுதான் கிடைத்தது!

பிறரைக் குறைகூறுமுன் என்னைச் சொல்கின்றேன். அவ்வேனிலில் ஈழத்துயர் பற்றி ஒரு மணிநேரம் மேடையில் பேசினேன், கைதட்டினார்கள். யாழ்ப்பாணப் பக்கத்தில் இருபதாண்டுகளாக எனக்கு மடலெழுதிவரும் தமிழாசிரியர் ஒருவர் உண்டு. அவரிடம் ஒரு சொல் கேட்டேனில்லை. பத்து நாள் கழித்தே தொலைபேசியில் அழைத்து, எவ்வளவு பணம் அனுப்பட்டும் என்றேன். "பணம் வேண்டா ஐயா! பணத்தை வைத்துக்கொண்டு வாங்கப் பொருளில்லை. அம்மாவின் நீரிழிவு மருந்து மூன்று கடைகளிலும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதுதாள் இல்லை" என்றார். கொழும்புக்குச் சென்ற ஒருவர் பெட்டியில் இரண்டையும் வைத்து அனுப்பினேன். என் ஒரு மணிநேர முழக்கத்தைவிட அச்சிறு பொதி மேலானது என்பதை நாணத்தோடு ஒப்புகின்றேன்.

தமிழ்நாடு வாளாவிருக்கவில்லை. ஏப்பிரல் 29-இல் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் உயிர்காக்கும் மருந்துகளும் தருவதெனக் கூறியது. மே 18-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதற்கப்பல் புறப்பட்டது. தமிழர்க்கு மட்டுமென்று பிரிக்காது, பசித்த சிங்களர்க்கும் சேர்த்தே அவ்வரிசி சென்றது. நம்மை அழித்தோரின் நாட்டுக்கும் சோறு கொடுத்தது நம் அறம். அதில் நமக்குப் பெருமையே.

ஆயின், அதே ஆண்டு மார்ச்சு 22-இல் குழந்தைகளோடு படகேறித் தனுக்கோடிக் கடலின் மணல்திட்டில் இறங்கியவர்களை என்ன செய்தோம்? மண்டபம் முகாமில் வைத்தோம். அவர்கட்குப் பின்னும் பலர் வந்தனர். தில்லியின் ஏட்டில் அவர்கள் ஏதிலியரும் அல்லர், குடிமக்களும் அல்லர். 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தானம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்க்கே வழி திறந்தது, ஈழத்தமிழரை விட்டொழித்தது. 2025 செபுத்தம்பரில் ஒரு சலுகை வந்தது. அதுவும் 2015 சனவரி 9-ஆம் நாளுக்குள் வந்து பதிந்துகொண்டோர்க்கு, கடவுச்சீட்டு இல்லாமைக்குத் தண்டனை இல்லை என்றதே தவிர, குடியுரிமை தரவில்லை. 2022-இல் பட்டினியால் வந்தவர்க்கோ அதுவும் இல்லை. பசி என்ன, நாள் குறித்துக்கொண்டா வருகின்றது?

'இவர்கள் போருக்கு அஞ்சி வந்தோரல்லர்; பிழைப்புத் தேடி வந்தோர்' என்பார் உளர். போர் ஓய்ந்த பின்னும் வடக்கில் தமிழர் நிலங்கள் படையின் பிடியில் கிடந்தன. உழும் நிலத்தை இழந்தவனுக்குப் போர் வேறு, பசி வேறா?

எனவே, உறவென்று சொல்வோர்க்குக் கடன்கள் மூன்று. என்ன வேண்டுமென்று கேட்டறிந்து கொடுங்கள். நாம் நினைத்ததை அவர்கள்மேல் திணிக்காதீர்கள். செய்தித்தாள் மறந்த பின்னும் கொடுங்கள். அங்கே துன்பம் தலைப்புச் செய்தியோடு முடிவதில்லை. நம் கரைக்கு வந்துவிட்டவர்க்குக் குடியுரிமை வேண்டுமென வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

கடல் கடந்து அரிசி அனுப்பத் தெரிந்த நமக்கு, வாயிலில் நிற்பவனை உள்ளே அழைக்கத் தெரியாதா? அழைக்கும்வரை, 'தொப்புள்கொடி' என்னும் சொல்லை மேடையில் எடுக்க எனக்கும் உரிமையில்லை, உங்களுக்கும் இல்லை.