பிள்ளையைப் பறித்தது யார்?

2005 ஜூலை 7 அன்று லண்டனில் மூன்று பாதாள ரயில்களிலும் ஒரு பஸ்ஸிலும் குண்டுகள் வெடித்தன. காலையில் வேலைக்குப் புறப்பட்ட ஜனங்கள் உட்பட 52 பேர் மாண்டனர். குண்டு வைத்துத் தாங்களும் மடிந்த நால்வரில் மூவர், இங்கிலாந்தில் குடியேறிய பாகிஸ்தானிய முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களில் ஒருவனின் வீட்டார், பிள்ளை வீடு திரும்பவில்லையே, அவனும் அடிபட்டுக் கிடக்கிறானோ என்று பதறி, அன்றிரவு போலீசுக்கு டெலிபோன் செய்தார்கள். பெற்றவர்கள் அறியாமலே பிள்ளை பறிபோயிருந்தான்!

பறித்தது யார்? அவர்கள் மதமே அப்படி என்கிறார்கள் நிறவெறியர்கள். பொய் என்கிறோம் நாம்.

இத்தகைய குடும்பங்கள் அங்கே போன கதை என்ன? 1961 முதல் 1967 வரை ஜீலம் நதியில் மங்களா அணை கட்டப்பட்டது. மீர்ப்பூர் வட்டாரத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வீடும் நிலமும் இழந்தனர். அவர்களில் பலர் பிராட்போர்டு போன்ற நகரங்களின் ஆலைகளுக்குப் போனார்கள். வெள்ளைத் தொழிலாளி வேண்டாமென்று ஒதுக்கிய ராத்திரி ஷிப்டுதான் அவர்களுக்குக் கிடைத்தது. 1970களிலும் 80களிலும் முதலாளிகள் ஆலைகளை மூடினார்கள். ஆலை மூடினால் குடும்பம் என்னவாகும் என்பதை நம் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகப்பன் டாக்சி ஓட்டினான். மகன் தெருவில் நிறவெறியரிடம் அடிபட்டான்.

அந்த மகன் அன்று மதவெறியனாகவில்லை. 1981-ல் பாசிஸ்டுகள் ஊருக்குள் வருகிறார்கள் என்று கேட்டு, தற்காப்புக்கு நின்ற பிராட்போர்டு வாலிபர்கள் பன்னிருவரைப் போலீஸ் கைது செய்தது. அவர்களில் முஸ்லிம், இந்து, சீக்கியர் எல்லோரும் இருந்தனர். 1982-ல் ஜூரிகள் அவர்களை விடுதலை செய்தனர். கோபம் அன்றும் இருந்தது. ஆனால் கூடவே ஸ்தாபனமும் ஐக்கியமும் இருந்தன.

பட்டினிதான் கொலைகாரனை உண்டாக்கியது என்று நாம் சாக்குச் சொல்லவில்லை. அந்த நால்வரில் ஒருவன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவன். ஈராக் மீது 2003-ல் ஏகாதிபத்தியம் தொடுத்த யுத்தம் கண்டு கொதித்தவர்கள் கோடிப் பேர். அவ்வாண்டு பிப்ரவரி 15 அன்று லண்டன் வீதிகளில் முஸ்லிமும் கிறிஸ்தவரும் லட்சக்கணக்கில் ஒன்றாக நடந்தார்கள். அது ஒரு பாதை. பஸ்ஸில் போகும் உழைப்பாளியைக் கொல்வது வேறு பாதை. இது ஏகாதிபத்தியத்தை அசைக்கவில்லை. அதன் கைக்குப் புதுத் தடி கொடுத்தது.

சர்க்கார் கண்ட மருந்து என்ன? 2015-ம் ஆண்டுச் சட்டத்தால், தீவிரவாதத்தின் பக்கம் சாயும் பிள்ளைகளைக் கவனிப்பது பள்ளிகளின் சட்டக் கடமையாயிற்று. வாத்தியார் உளவாளியானால் பிள்ளை யாரிடம் மனம் திறப்பான்? மகன் சினேகிதரை விலக்குகிறான், தங்கையை அதட்டுகிறான், தகப்பனையே பாவி என்கிறான். இதைக் கண்டு கலங்கும் தாய், போலீசுக்குப் பயந்து வாயடைத்து நிற்கிறாள். வீட்டின் ஊமைத்தனம் மதவெறியனுக்கே லாபம்!

பிள்ளையின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதைக் களவாடுகிறவனிடம் நியாயம் இல்லை. கோபத்துக்குச் சங்கத்தில் இடம் கொடுக்காவிட்டால், மதவெறி இடம் கொடுக்கும். எந்த நாட்டிலும், எந்த மதத்திலும் இதுவே உண்மை.

தோழர்களே! உங்கள் தெருவில் தனித்து நிற்கும் வாலிபன் யார்? அவன் எந்த மதத்தவனானாலும் தேடிப் போய்ப் பேசுங்கள். சங்கத்துக்கு அழைத்து வாருங்கள்!