போருக்கும் வரம்பு உண்டு

"போர் என்று வந்துவிட்டால் அறமாவது, வரம்பாவது!" என்பார் சிலர். "அதிலும் இசுலாம் வாளேந்திய மதமன்றோ? அங்கே போய் வரம்பைத் தேடலாமா?" என்று அடுத்த கணையையும் தொடுப்பார். நீலசந்திராவின் தேநீர்க் கடையிலும் இப்பேச்சு எழுகிறது. நம் விடுதி அறைகளிலும் எழுகிறது. தமிழும் உருதும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் அந்தப் பகுதியிலே குடியிருப்பவன் நான். பிழைப்புக்காக எல்லை கடந்து வந்த தமிழர் பலருக்கு அங்கே அடுத்த வீடு முசுலிம் வீடு. ஆகவே, இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியன்று. அண்டை வீட்டாரை எக்கண் கொண்டு காண்பது என்னும் கேள்வி.

தோழர்களே, முதலில் நூல் கூறுவதைப் பார்ப்போம். குர்ஆனின் 22ஆம் அத்தியாயம், 39, 40ஆம் வசனங்கள் போருக்கு இசைவு தருகின்றன. யாருக்கு? அநீதிக்கு ஆளாகி, வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்க்கு. எதற்கு? துறவியர் மடங்களும், கிறித்தவர் ஆலயங்களும், யூதர் தொழுமிடங்களும், பள்ளிவாசல்களும் இடிபடாமல் இருப்பதற்கு. பிறர் கோயில்களை முன்னே வைத்து, பள்ளிவாசலை இறுதியிலே எண்ணுகிறது அந்நூல்! தம்மோடு போரிடுவோரோடு மட்டுமே போரிட வேண்டும், அப்போதும் வரம்பு மீறலாகாது என்கிறது 2ஆம் அத்தியாயத்தின் 190ஆம் வசனம். ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நீதி தவறச் செய்யலாகாது என்கிறது 5ஆம் அத்தியாயத்தின் 8ஆம் வசனம்.

முதல் கலீஃபா அபூபக்கர் சிரியாவுக்குப் படை அனுப்பியபோது கூறிய அறிவுரையை இமாம் மாலிக்கின் 'முவத்தா' பதிந்து வைத்திருக்கிறது. பெண்களை, குழந்தைகளை, முதியவர்களைக் கொல்லாதீர், கனிமரங்களை வெட்டாதீர், ஊரைப் பாழாக்காதீர், உணவுக்கன்றி ஆட்டையும் ஒட்டகத்தையும் அறுக்காதீர், வழிபாட்டுக்கென ஒதுங்கி வாழும் துறவியரை அவர் வழியில் விட்டுவிடுங்கள் என்பது அதன் சாரம். போர், உடன்படிக்கை, சிறைப்பட்டோர் பற்றிய சட்டங்களை விரித்தெழுதிய அறிஞர் ஷைபானி மறைந்தது 805ஆம் ஆண்டு. ஜெனிவா உடன்படிக்கைகள் நான்கும் வந்ததோ 1949இல்!

"9ஆம் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் இணைவைப்போரைக் கொல்லச் சொல்கிறதே?" என்று கேட்கலாம். அடுத்த வசனத்தையும் படியுங்கள். அடைக்கலம் கேட்டு வந்தவருக்கு அடைக்கலம் கொடுத்து, அச்சமற்ற இடத்தில் கொண்டு சேர்க்கச் சொல்கிறது அது. பழைய சட்ட அறிஞர் பலர் நாடு பிடிக்கும் போரையும் ஏற்றனர்; சுல்தான்கள் பலர் வரம்பை மீறினர்; இவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆயின், மீறியவன் ஒருவன் இருப்பதால் சட்டமே இல்லை என்றாகிவிடுமா?

நம் வீட்டையும் சற்றே பார்ப்போம். பசுக்களும், பெண்களும், பிணியுற்றோரும் பாதுகாப்பிடம் தேடுங்கள் என்று முன்னறிவித்துப் போர் தொடங்கும் முறையைப் புறநானூற்றின் 9ஆம் பாடல் காட்டுகிறது. முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது. அதே புலவர், அதே மன்னனை, 15ஆம் பாடலில் பகைவர் தெருக்களைக் கழுதை பூட்டி உழுது பாழ்படுத்தியவன் என்றும் பாடுகிறார். அறமும் நம்மிடம் இருந்தது. அதன் மீறலும் நம்மிடம் இருந்தது. பிறருக்கு மட்டும் மீறலை வைத்துத் தீர்ப்பெழுதுவது நேர்மையாகுமா?

இனி, ஈழத்துக்கு வருவோம். 1990 ஆகஸ்டு 3. காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் தொழுது நின்ற முசுலிம்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். மடிந்தவர் தமிழ் பேசியவர். 1995 சூலை 9. நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் மீது இலங்கை விமானப்படை குண்டு வீசியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இசுலாத்தின் பெயர் சொல்லிக்கொண்ட கூட்டமொன்று மூன்று தேவாலயங்களிலும் மூன்று விடுதிகளிலும் குண்டு வெடித்து 250க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் மடிந்தவர்களிலே தமிழ்ச் சிறுவர் பலர். அக்கூட்டத்தின் தலைவன் சஹ்ரான் பிறந்த ஊர் எது தெரியுமா? காத்தான்குடி!

மூன்று கைகள், மூன்று கொடிகள், மூன்று காரணங்கள். அந்த 40ஆம் வசனத்தை எடுத்து வைத்துப் பாருங்கள்: மூன்றுமே குற்றம். சஹ்ரானை முதலில் குற்றவாளியாக்குவது அவன் ஓதிய நூலே. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கி மாண்ட ஒன்பது கொலைஞரின் உடல்களுக்குத் தம் அடக்கத்தலத்தில் இடமில்லை என்று அந்நகரத்து முசுலிம் பெரியோர் மறுத்ததும் இந்த அறத்தின் பெயரால்தான்.

நான் அறிவியல் பயில்பவன். ஆய்வுக்கூடத்தில் ஒரு தராசு, நண்பன் வைத்தால் ஓர் எடையும் பகைவன் வைத்தால் வேறோர் எடையும் காட்டினால் அதைத் தராசு என்போமா? தூக்கி எறிவோம். முள்ளிவாய்க்காலுக்குக் கண்ணீர் வடிக்கும் நாம், காத்தான்குடி என்றதும் தலையைக் குனிந்து பேச்சை மாற்றுகிறோமே, ஏன்? ஈஸ்டர் படுகொலைக்குக் கொதிக்கும் நாம், நவாலியை அறியாமல் இருக்கிறோமே, ஏன்? "எங்கள் காரணம் நியாயமானது" என்பார். இருக்கட்டும். காரணம் நியாயமானால் கையும் நியாயமாக இருக்க வேண்டாமா? தொழுதுகொண்டிருந்தவனைச் சுட்ட தோட்டாவை எந்த விடுதலையும் தூய்மையாக்காது.

தமிழ் மாணவர்களே! இனி ஒரு கொலைச் செய்தி வரும்போது, கொன்றவன் எவ்வினத்தான், எம்மதத்தான் என்று முதலில் கேளாதீர். மடிந்தவன் கையில் ஆயுதம் இருந்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால், கொன்றவன் நம்மவனே ஆயினும் குற்றவாளி என்று சொல்லும் துணிவு கொள்ளுங்கள். அத்துணிவு இல்லாத நமக்குப் பிறர் வேதத்தை எடைபோடும் உரிமை ஏது?