பூட்டு வாங்கும் முன் கதவைச் சாத்துங்க!

வீட்டுக்கு இன்டர்நெட் வந்தாச்சு. கூடவே பயமும் வந்தாச்சு.

"கம்ப்யூட்டருக்குள் திருடன் புகுந்துடுவான் சார், பயர்வால் வாங்கிப் போடுங்க" என்று கடைக்காரர் ஒரு பெட்டியை நீட்டுகிறார். வருடா வருடம் பணம் கட்டும் சாப்ட்வேரை இன்னொருவர் விற்கிறார். எதை வாங்குவது என்று தெரியாமல் மாதச் சம்பளக்காரர் முழிக்கிறார்.

பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டுமே தேவை இல்லை. காவல்காரன் ஏற்கனவே வீட்டில் இருக்கிறான். அவனைத் தூங்க விட்டதுதான் தப்பு!

இரண்டு காவல்காரர்கள்

பயர்வால் என்பது வாசல் காவல். உள்ளே இருப்பவர் கேட்டு வாங்கும் தகவலை விடும். கூப்பிடாமல் வருகிறவனை வெளியிலேயே நிறுத்தும். இன்டர்நெட் கம்பெனி மாட்டிவிட்டுப் போகும் ரூட்டரிலேயே அனேகமாக இது இருக்கிறது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் இன்னொன்று. 2004-ல் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு வந்த இரண்டாவது சர்வீஸ் பேக்கில் இருந்தே அது தானாக 'ஆன்' ஆகி இருக்கிறது. தனிக் காசு கிடையாது.

சாவி வாசலில் தொங்குகிறது

பிறகு எப்படி திருடன் வருகிறான்? ரூட்டரின் பெயரும் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்' என்று இருந்தால் எந்தக் காவல் என்ன செய்யும்?

2016-ல் 'மிராய்' என்ற கம்ப்யூட்டர் கிருமி லட்சக்கணக்கான கண்காணிப்பு கேமராக்களிலும் ரூட்டர்களிலும் புகுந்தது. பூட்டை உடைக்கவில்லை. கம்பெனிகள் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டுகளில் சுமார் 60-ஐ வைத்துக்கொண்டு வரிசையாகப் போட்டுப் பார்த்தது. அவ்வளவுதான்! அக்டோபர் 21-ந்தேதி அந்தக் கருவிகளை ஏவிவிட்டு அமெரிக்காவில் 'டைன்' என்ற கம்பெனியைத் தாக்கினார்கள். டுவிட்டர், நெட்பிளிக்ஸ் எல்லாம் தடுமாறின. கிருமியை உருவாக்கியதாக 2017-ல் கோர்ட்டில் ஒப்புக்கொண்டவர்கள் மூன்றே வாலிபர்கள்.

கடைக்கு கேமரா மாட்டியிருக்கும் வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

"நம்ம வீட்ல என்ன இருக்கு?"

இப்படிக் கேட்பவர்கள் 2008-ஐ நினைத்துப் பார்க்கட்டும். ஜூலை 26-ந்தேதி ஆமதாபாத்தில் குண்டுகள் வெடிக்கும் முன் ஒரு மிரட்டல் இ-மெயில் வந்தது. போலீசார் தடம் பிடித்துப் போய் நின்றது நவிமும்பையில் ஒரு வெளிநாட்டவர் வீட்டு வாசலில்! அவருடைய வைபை இணைப்பை வேறு யாரோ பயன்படுத்தி இருந்தார்கள். வைபை என்பது பின்வாசல். அது திறந்து கிடந்தால் பயர்வாலால் தடுக்க முடியாது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, விசாரணை அவரிடம்தான் முதலில் வரும்.

அரை மணி நேர வேலை

ரூட்டர் பாஸ்வேர்டு, வைபை பாஸ்வேர்டு இரண்டையும் மாற்ற வேண்டும். உள்ளே போகும் வழி ரூட்டரின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். பயர்வால் 'ஆன்' என்று இருக்கிறதா, 'ஐ.பி.வி.6'-க்கும் சேர்த்து, பார்க்க வேண்டும். வெளியூரில் இருந்து ரூட்டரை இயக்கும் 'ரிமோட்' வசதியை நிறுத்த வேண்டும். உள்ளே இருக்கும் கருவி கேட்டாலே வாசலைத் திறந்து விடும் 'யு.பி.என்.பி.'யையும் நிறுத்தலாம். புது அப்டேட் வந்தால் போட்டுவிட வேண்டும்.

பத்து கம்ப்யூட்டரில் பிறத்தியார் கணக்கு வைத்திருக்கும் ஆபீசா? தனிப் பெட்டி வாங்கலாம். வீட்டுக்கு அந்தச் செலவு வீண்.

கம்பெனிகளுக்கும் பொறுப்பு உண்டு. ஒயர் இழுக்க வரும் ஆள், வீட்டுக்காரர் எதிரிலேயே பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் போக ஐந்து நிமிடம் போதும். அதைக் கட்டாயம் ஆக்க வேண்டும். மாதா மாதம் பணம் வாங்குகிறவர்கள் இதைக்கூட செய்யக் கூடாதா?

ஒன்று மட்டும் நிச்சயம். போனில் கேட்டவனுக்கு ஓ.டி.பி.யை சொல்லிவிட்டால் எந்த பயர்வாலும் காப்பாற்றாது. அப்படி ஏமாந்தவர்கள் உடனே 1930-க்கு போன் செய்ய வேண்டும். தாமதித்தால் பணம் கைமாறிவிடும். உஷார்!