பிடி மண்ணில் ஓர் ஆராய்ச்சி

விஞ்ஞானம் பயிலும் நம் மாணவருட் பலர், உயிரினங்களைத் தேடிக் கண்டறிதல் பேரறிஞர்க்கும் பெரும்பொருள் படைத்த ஆய்வுச்சாலைகட்குமே உரிய தொழில் என்று எண்ணி வாளா இருக்கின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பது எமது கருத்து. அதற்கு அயர்லாந்து தேசத்து மாணவர் செயலே போதிய சான்றாகும்.

குளிர்ந்த நிலையிற் புளிக்கவைத்து ஆக்கப்பெறும் லாகர் என்னும் பியரைத் தருவது ஒரு கலப்பின ஈஸ்ட். அதன் பெற்றோருள் ஒன்று, ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. (மதுவைப் பற்றிய பேச்சு கல்லூரிக்கு ஏற்குமோ என்று ஐயுறுவோர், நாடோறும் உண்ணும் ரொட்டியும் அக்குலத்தின் உதவியே என்பதை நினைவாராக.) மற்றப் பெற்றோர் எதுவென்பது நெடுங்காலம் விளங்கவில்லை. 2011-ஆம் ஆண்டில், தென்னமெரிக்காவின் தென்கோடியிலுள்ள பட்டகோனியாக் காடுகளில் அது அகப்பட்டது. சாக்கரோமைசிஸ் யூபயானஸ் எனப் பெயர் பெற்றது. பின்னர்த் திபெத்திலும் வட அமெரிக்காவிலும் நியூஜிலாந்திலும் கிடைத்தது. ஆயின், லாகர் பிறந்த ஐரோப்பாவில் மட்டும் அவ்வுயிரை வளர்த்துக் காட்டினார் ஒருவரும் இலர்.

2021-ஆம் ஆண்டில், டப்ளின் நகரத்து யூனிவர்சிட்டி காலேஜில் பட்டப்படிப்பு மாணவர், தம் கல்லூரி வளாகத்து மரச்செறிவுகளினின்றும் மண் எடுத்துச் சோதித்தனர். அம்மண்ணிலேயே யூபயானஸ் இருந்தது! முடிவு 2022-இல் வெளியாயிற்று. உலகின் மறுகோடியில் அகப்பட்ட பொருள், அவர்தம் வகுப்பறைக்கு அணித்தே கிடந்தது.

இவ்வாராய்ச்சியின் முற்பகுதிக்குப் பெருஞ்செலவில்லை. மண்ணைச் சர்க்கரை கலந்த நீர்மத்தில் இட்டு, பாக்டீரியாவை அடக்கும் மருந்து சேர்த்து, சில நாள் வைத்திருந்து, பின் அகர்த் தட்டிற் பரப்பினால் ஈஸ்ட் குடியிருப்புகள் தனித்தனியே தோன்றும். பெயரிடுதலே அரிது. செரிவிசியேயும் யூபயானஸும் மைக்கிராஸ்கோப்பில் ஒன்றுபோலவே முட்டை வடிவினவாய்த் தோன்றும். ஆதலின் வடிவு கண்ட மாத்திரத்தே பெயர் சூட்டுதலை யாம் ஒப்புகிலோம். ரைபோசோம் சார்ந்த டி.என்.ஏ. பகுதியைப் பெருக்கி, அதன் எழுத்துவரிசையை முன்னரே அறியப்பட்ட இனங்களின் வரிசையோடு ஒப்பிட்டபின்னரே இனம் துணியத்தகும். கலப்பினமோ என்ற ஐயம் எழின், முழு மரபுத்தொகுதியையும் படித்தல் வேண்டும். அவ்வசதி இல்லாத கல்லூரி, வசதியுடைய ஆய்வுச்சாலையின் துணையை நாடுவதில் இழுக்கொன்றுமில்லை.

விடை முன்னரே தெரிந்த சோதனைகளையே மூன்றாண்டும் செய்வித்தல் எற்றுக்கு? கைப்பழக்கம் வருதற்கு அவை வேண்டுவனவே, மறுக்கிலோம். ஆயினும், ஆசிரியரும் விடையறியாத சோதனை ஒன்றேனும் ஆண்டுதோறும் மாணவர் கையிற் கொடுக்கப்பெறல் வேண்டும். மண் எடுத்த இடம், அருகிருந்த மரம், நாள் ஆகியவற்றை அவர் அன்றன்றே குறித்துக்கொள்க. குழாய் பலவற்றில் வெறும் பூஞ்சணமே படரக்கூடும். அதனையும் குறிப்பேட்டில் எழுதுக.