எங்கட சுகமும் கிணத்துத் தண்ணியும்

வாடகை வீட்டில் நாங்கள் ஐந்து பேர் இருக்கிறம். ஐந்து பேரும் கலைப்பீடம், ஐந்து பேரும் இப்ப 'ஹெல்தி'. போன வருசம் எங்களில் ஒருத்திக்குச் சீனி கொஞ்சம் கூட நிக்குது எண்டு டொக்டர் சொன்னதோட தொடங்கினது. காலமையில் குரக்கன் புட்டு, பின்னேரம் சீனி போடாத பிளேன்ரீ. பிஸ்கட் வாங்கினால் பைக்கற்றைத் திருப்பிப் பின்பக்கத்தை முழுக்க வாசிச்சிட்டுத்தான் உடைப்பம். வீட்டுக்கு வாற பிள்ளையள், "உங்களோட இருந்து சாப்பிடவே பயமாக் கிடக்கு" எண்டு பகிடி பண்ணுவினம்.

உடற்பயிற்சி செய்ய இடம்தான் இல்லை. பின்வளவில் கிணத்தடிக்குப் பக்கத்தில் கொஞ்ச வெறுநிலம் கிடக்கு. மாரி தொடங்கினால் அது சேறு. கொழும்பில் ஒரு கபேயில் பார்த்தது போல பலகை அடிச்சு ஒரு 'டெக்' போட்டால் என்ன எண்டு கதை வந்தது. வீட்டுக்கார அன்ரியும், "பிறகு கழட்டக்கூடிய மாதிரிப் போடுங்கோ" எண்டு ஓம்பட்டா.

சீமெந்து போடுறதுதான் லேசு. ஆனால் யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை. பெய்யிற மழை சுண்ணாம்புக்கல்லுக்குள்ள இறங்கித்தான் கிணறு நிறையுது. பலகைக்கு இடையில் நீக்கல் விட்டு அடிச்சால் மழை நிலத்துக்குப் போகும். அதனால் பலகை எண்டு முடிவெடுத்தம். பிறகுதான் எந்தப் பலகை எண்ட சண்டை.

ஒருத்தி மரத்தூளும் பிளாஸ்ரிக்கும் சேர்த்துச் செய்யிற பலகையைக் காட்டினாள். கறையான் அரிக்காது, உக்காது. ஆனால் வெயிலில் வெறுங்காலோட மிதிக்கேலாத அளவுக்குச் சுடும். அறுக்கிற நேரம் பறக்கிற தூளில் பாதி பிளாஸ்ரிக். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிஞ்சு, மேற்குக் கரை முழுக்கப் பிளாஸ்ரிக் மணியள் ஒதுங்கினபோது கோபமா ஸ்ரேற்றஸ் போட்ட ஆக்கள் நாங்கள்.

மற்றவள் மருந்து ஏத்தின பைன் பலகை எண்டாள். பல இடங்களில் அப்பிடி ஏத்தின மருந்து செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த கலவை. அமெரிக்காவில் வீட்டுப் பாவனைக்கான பலகைக்கு அதை ஏத்துறதை 2003 முடிவோட நிப்பாட்டிப்போட்டினம். எங்களுக்குக் கிடைக்கிற பலகையில் எந்த மருந்து கிடக்கு எண்டு கடையில் கேட்டம். "நல்ல மருந்துதான் தங்கச்சி" எண்டது மட்டும்தான் பதில்.

கடைசியில் உடைச்ச பழைய வீடு ஒன்றின் பனஞ்சிலாகை விலைக்கு வந்தது. புதுசா ஒரு பனை தறிக்கத் தேவையில்லை, வைரம் பாய்ஞ்ச மரம், காசும் எங்கட கைக்கு அடங்கும். எல்லாருக்கும் சந்தோசம்.

சிலாகை இறக்க வந்த தச்சுவேலை அண்ணை பார்த்திட்டு, "கராச்சில கறுத்த ஒயில் சும்மா தருவாங்கள், ரெண்டு பூச்சுப் பூசினால் கறையான் கிட்டவும் வராது" எண்டார். நாலு பேரும் உடனே தலையாட்டினம். குரக்கன் மாவில் கலப்படம் இருக்கோ எண்டு மூன்று கடை ஏறி இறங்கின அதே நாலு தலைதான்.

ஐந்தாமவள் மட்டும் ஆட்டவில்லை. அவளுக்கு ஊர் சுன்னாகம்.

அவள் பள்ளிக்கூடம் படிக்கேக்க வீட்டுக் கிணத்தில் எண்ணெய் மணத்ததாம். வாளியில் அள்ளினால் மேலே நிறம் நிறமாப் படை மிதக்குமாம். பிறகு பவுசரில் தண்ணி வரும்வரைக்கும் குடத்தோட நிண்டவையாம். அந்தக் கதை செய்தியாகவும் எங்களுக்குத் தெரியும்: மின் நிலையத்துக் கழிவு எண்ணெய், ஆர்ப்பாட்டங்கள், வழக்கு. 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் பாதிக்கப்பட்ட ஆக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. இதைப் பற்றி வகுப்பில் ஒப்படையே எழுதியிருக்கிறம். எழுதின கையாலதான் கிணத்தடியில் கழிவு ஒயில் பூச ஓம் எண்டு சொல்லியிருக்கிறம்.

இயந்திரத்துக்குள்ள எரிஞ்சு வந்த ஒயிலில் தேய்ஞ்ச உலோகத் துகளும் புற்றுநோயோட தொடர்புள்ள சேர்வையளும் கிடக்கு. ரெண்டு மழை பெய்தால் பூசினதில் ஒரு பங்கு நிலத்துக்கு இறங்கும். உரமும் மலசலகூடக் குழியும் ஏற்கனவே எங்கட கிணறுகளில் நைத்திரேற்றைக் கூட்டி வைச்சிருக்கு. அதே கிணத்துத் தண்ணியிலதான் குரக்கன் மாவுக்கும் தண்ணி தெளிக்கிறம்.

"ரெண்டு போத்தல் ஒயிலில் என்ன வரப்போகுது" எண்டு ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. எங்கட ரெண்டு போத்தலால் சுன்னாகம் மாதிரி ஆகாதுதான். ஆனால் ஒவ்வொரு வளவிலும் வேலிக்கட்டைக்கும் கோழிக்கூட்டுக்கும் ரெண்டு போத்தல் பூசினால், எல்லாம் இறங்கிறது நிலத்துக்குக் கீழ உள்ள அதே தண்ணிக்குத்தான். பக்கத்து வீட்டுக் கிணறும் எங்கட கிணறும் மேலேதான் வேற வேற.

தச்சுவேலை அண்ணையில் நாங்கள் பிழை சொல்லேல்ல. காசில்லாத ஆக்களுக்குச் சும்மா கிடைக்கிற மருந்து அது. அதைக் கையுறையும் இல்லாமல் வெறுங்கையால் பூசுறவரும் அவர்தான். அவற்ற தோலில் என்ன ஊறுது எண்டு எங்களில் ஒருத்தியும் கேட்கவில்லை. எங்கட பிழை வேற. எங்கட சுகம் எண்டது எங்கட வாயோட நிண்டுபோச்சு. பைக்கற்றில் அச்சடிச்சு இருந்தால் வாசிப்பம். காலுக்குக் கீழ, நிலத்துக்குக் கீழ, மற்றவற்ற கையில் நடக்கிறதை வாசிக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. அதைப் பழகாத வரைக்கும் 'ஹெல்தி' எண்டு சொல்லித் திரியிறது வெறும் சாப்பாட்டு ஸ்ரைல் எண்டுதான் நாங்கள் நினைக்கிறம்.

கடைசியில் ஒயில் பூசவில்லை. சிலாகை மண்ணில் முட்டாமல் சீமெந்துக் கல்லுக்கு மேல தூக்கி, விரல் அகல நீக்கல் விட்டு அடிச்சம். சிராம்பு ஏறாமல் அண்ணை நல்லாச் சீவித் தந்தார். முகத்துக்கு மாஸ்க் வாங்கிக் குடுத்தம், சிரிச்சுப்போட்டுப் போட்டவர். வேப்பெண்ணெய் பூசியிருக்கிறம். அது கறையானை எவ்வளவு காலம் மறிக்கும் எண்டு உத்தரவாதம் இல்லை. ஒரு சிலாகை உக்கினால் அதை மட்டும் கழட்டி மாத்துவம். அந்தச் செலவுக்கு மாசம் மாசம் ஆளுக்கு நூறு ரூபா உண்டியலில் போடுறம்.

உங்கட வளவில் கறுத்த ஒயில் போத்தல் கிடந்தால், கிணத்துக்கு எத்தனை அடி தூரத்தில் கிடக்கு எண்டு ஒருக்கால் அளந்து பாருங்கோ.