ஸ்கேனோடு முடிவதில்லை கர்ப்பப்பைக் கட்டி

கர்ப்பப்பையில் கட்டி என்றதும், “ஃபைப்ராய்டுதான், கேன்சர் இல்லை, எடுத்துவிட்டால் சரியாகிவிடும்” என்று ஆறுதல் சொல்கிறோம். பெரும்பாலும் அது உண்மைதான். ஐம்பது வயதுக்குள் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஃபைப்ராய்டு எனும் நார்க்கட்டி வந்துவிடுகிறது. ஆனால், அந்த ஆறுதலைத் தாங்கி நிற்கும் நான்கு நம்பிக்கைகள் சரியானவை அல்ல.

“ஸ்கேனிலேயே எல்லாம் தெரிந்துவிடும்.” கட்டியின் அளவும் இடமும் ரத்த ஓட்டமும் ஸ்கேனில் தெரியும். கொழுப்பு கலந்த நார்க்கட்டியான லைப்போலியோமயோமாவை எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அடினோமட்டாய்டு கட்டி அப்படியல்ல. அது தசைச் செல்களிலிருந்து உருவாவதில்லை. கர்ப்பப்பையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையின் செல்களிலிருந்து வருகிறது. ஆனாலும் ஸ்கேனில் நார்க்கட்டியைப் போலவே இருக்கும். நுண்ணோக்கியும் கால்ரெட்டினின் போன்ற சாயப் பரிசோதனைகளுமே அதை இனம்காட்டும்.

“பார்க்கப் பயங்கரமாக இருந்தால் புற்றுநோய்தான்.” 1996-இல் விவரிக்கப்பட்ட கோட்டிலிடனாய்டு லியோமயோமா என்ற நார்க்கட்டி வகை, கருஞ்சிவப்பாக, நஞ்சுக்கொடியின் திசுவைப் போல, கர்ப்பப்பைக்கு வெளியே பிதுங்கி நிற்கும். வயிற்றைத் திறந்து பார்க்கும் மருத்துவருக்கே புற்றுநோயோ என்ற சந்தேகம் எழும். ஆனால் அதன் செல்கள் சாதுவானவை. அறுவைக்கு நடுவிலேயே ஒரு துணுக்கை உறையவைத்துச் சோதிக்கும் ஃப்ரோசன் செக்‌ஷன், தேவையில்லாமல் உறுப்புகளை அகற்றுவதைத் தவிர்க்க உதவும்.

“சாதாக் கட்டி கர்ப்பப்பையைத் தாண்டாது.” தாண்டும். சிரைகளுக்குள் வளரும் லியோமயோமடோசிஸ், இடுப்புச் சிரைகள் வழியே பெருஞ்சிரைக்கு ஏறி, இதயத்தின் வலப்பக்கம்வரை போகக்கூடும். செல்களில் புற்றுநோயின் அடையாளம் இராது. ஆனால் ரத்த ஓட்டத்தையே அடைத்துவிடும் ஆபத்து உண்டு. இன்னொரு வகை, கர்ப்பப்பைக் கட்டியை எடுத்துப் பல ஆண்டுகளுக்குப் பிறகு நுரையீரலில் சிறு முடிச்சுகளாகத் தென்படும். பழைய அறுவையின் ரிப்போர்ட் கையில் இருந்தால், அந்த முடிச்சுகள் எங்கிருந்து வந்தவை என்று கண்டறிவது எளிதாகும்.

“கேன்சர் இல்லையென்றால் என்ன வகையாக இருந்தால் என்ன?” ஃப்யூமரேட் ஹைட்ரடேஸ் என்ற நொதி குறைந்த நார்க்கட்டியும் புற்றுநோயல்லாததுதான். ஆனால் அந்த நொதிக்கான மரபணுவில் பரம்பரைக் கோளாறு இருந்தால், அந்தப் பெண்ணுக்கும் அதே கோளாறுள்ள ரத்த உறவினருக்கும் வேகமாகப் பரவும் சிறுநீரகப் புற்றுநோய் வரும் அபாயம் கூடுகிறது. இந்தக் குறைபாடுள்ள எல்லாக் கட்டிகளும் பரம்பரையால் வருவதில்லை. அதனால்தான் மரபணுப் பரிசோதனை தேவைப்படுகிறது. இளம் வயதிலேயே பல கட்டிகள் இருந்தாலோ, குடும்பத்தில் சிறுநீரகப் புற்றுநோய் இருந்தாலோ மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இதற்காக ஒவ்வொரு நார்க்கட்டிக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியதில்லை, தொந்தரவு தராத கட்டியை அறுக்கவும் வேண்டியதில்லை. அறுவை நடந்தால் கட்டி பயாப்சிக்குப் போயிற்றா என்று கேளுங்கள். ரிப்போர்ட்டில் என்ன வகை என்று எழுதியிருக்கிறது, மேற்கொண்டு சோதனை வேண்டுமா என்பதையும் கேளுங்கள். அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ‘கேன்சர் இல்லை’ என்ற நிம்மதி பெண்களுக்கு அவசியம் வேண்டும். அது பரிசோதித்து உறுதிசெய்த நிம்மதியாக இருக்க வேண்டும்.