எனக்கு எந்த வரம்?

சென்ற சனிக்கிழமை சாயங்காலம் எதிர் வீட்டு அக்கா கையில் ஒரு காகிதக் கற்றையோடு வந்து சேர்ந்தார். முகம் சரியாக இல்லை. "ஏம்மா, நீ மிஷன் காலேஜில் படித்தவள்தானே? இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு" என்று கற்றையை மேஜைமேல் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அக்காவுக்கு ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து 22 வருஷமாகிறது. அவர் போகிற சர்ச்சில் எல்லாருக்கும் ஒரு கேள்வித்தாள் கொடுத்திருக்கிறார்கள். நூற்றுச் சொச்சம் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை நமக்கு நாமே மார்க் போட்டுக்கொள்ள வேண்டும். கூட்டிப் பார்த்தால், ஆண்டவர் நமக்கு எந்த வரத்தைக் கொடுத்திருக்கிறார் என்று தெரிந்துவிடுமாம்!

அக்கா கூட்டிப் பார்த்திருக்கிறார். தீர்க்கதரிசனம் 0. போதனை 2. இரக்கம் 4. எல்லாவற்றிலும் அதிகமாக வந்தது 'உதவி' என்ற வரம்: 11.

"பார்த்தாயா? இத்தனை வருஷமாக அசன விருந்துக்கு அண்டா கழுவினேன். கடைசியில் அதுதான் வரமாம்! ஒருத்தி பாடுகிறாள், ஒருத்தி பிரசங்கம் பண்ணுகிறாள். எனக்கு மட்டும் சாம்பலும் தேங்காய் நாரும். இந்த வருஷத்தோடு பெண்கள் சங்கத்திலிருந்து பெயரை எடுத்துவிடலாமென்று இருக்கிறேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கண் ஓரம் நனைந்திருந்தது.

காலேஜில் வேத பாட வகுப்பில் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்த பலன் எனக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது. அக்காவிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன், கேளுங்கள்.

வரம் என்றவுடன் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? இரணியன் தவம் செய்தான், வரம் கேட்டான், பெற்றான். சாவித்திரி யமனிடம் சாமர்த்தியமாகக் கேட்டு வாங்கினாள். கேட்கிறவர் ஒருவர், கொடுக்கிறவர் ஒருவர், பெற்றது பெற்றவருடைய சொத்து. தமிழ் வேதாகமத்திலும் இதே 'வரம்' என்ற சொல்லைத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் பவுல் கிரேக்கத்தில் எழுதியது 'கரிஸ்மா' என்ற சொல். 'கரிஸ்' என்றால் கிருபை. சம்பாதிக்காமல் சும்மா வந்தது என்று அர்த்தம். மேலான வரங்களை விரும்பலாம் என்று அவரும் சொல்லத்தான் சொல்கிறார். ஆனால் யாருக்கு எது என்று பங்கிடுவது ஆவியானவருடைய இஷ்டம். வேடிக்கை என்னவென்றால், இந்த வரத்தால் வாங்கினவருக்கு நேராக ஒரு பிரயோஜனமும் இல்லை. மற்றவர்களுடைய நன்மைக்காகவே அது கொடுக்கப்படுகிறது. இரணியனுக்கு இது பிடித்திருக்காது!

கி.பி. 55 வாக்கில் எபேசு பட்டணத்திலிருந்து பவுல் இதை எழுதியது கொரிந்துவில் இருந்த கிறிஸ்தவர்களுக்கு. அந்தச் சபையில் ஓயாத சச்சரவு. புரியாத பாஷையில் ஜெபிக்கும் அந்நிய பாஷை வரம் பெற்றவர்களுக்குத் தனி மவுசு. மற்றவர்கள் இரண்டாம் பந்திதான். அதனால்தான் பவுல், சபையை ஓர் உடம்பாக நினைத்துப் பாருங்கள், உடம்பு முழுவதும் கண்ணாகவே இருந்தால் காது கேட்பது எப்படி என்று வாதாடினார். அற்புதம் செய்கிறவர், நோய் குணமாக்குகிறவர் என்று பட்டியல் போட்டுக்கொண்டே வந்து, அதே வரிசையில் உதவி செய்கிறவர்களையும் நிர்வாகம் செய்கிறவர்களையும் உட்கார வைத்தார். நிர்வாகத்துக்கு அவர் போட்ட கிரேக்கச் சொல்லின் மூல அர்த்தம், கப்பலில் சுக்கான் பிடிப்பது. கொரிந்து பட்டணத்துக்கு இரண்டு பக்கமும் துறைமுகம். சுக்கான் பிடிப்பவன் இல்லாவிட்டால் என்ன கதியென்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாசக் கடைசியில் குடும்பத்தைக் கரை சேர்க்கிற நமக்கும் தெரியும்.

அந்தத் துறைமுகங்களில் ஒன்று கெங்கிரேயா. அங்கே பெபேயாள் என்று ஓர் அம்மாள் இருந்தார். ரோமாபுரிக் கிறிஸ்தவர்களுக்கு எழுதிய நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்தில் பவுல் வரங்களுக்கு இன்னொரு பட்டியல் போடுகிறார்; போதிப்பது, கொடுப்பது, இரக்கம் செய்வது எல்லாம் அதில் வருகின்றன. அதே நிருபத்தின் 16-ஆம் அதிகாரத்தில், இந்த அம்மாள் பலருக்கும், எனக்குங்கூட, ஆதரவாக இருந்தார், நல்லபடியாக வரவேற்று வேண்டியதைச் செய்யுங்கள் என்று சிபாரிசு செய்கிறார். அந்த நிருபத்தை ரோமாபுரிக்குக் கொண்டுபோனவரே இவர்தான் என்று வேத பண்டிதர்கள் பலர் கருதுகிறார்கள். பெபேயாள் எந்தக் கேள்வித்தாளுக்கும் மார்க் போட்டதாகத் தெரியவில்லை.

வரங்கள் எத்தனை என்பதில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. கத்தோலிக்கர்கள் ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்தை வைத்து ஞானம், புத்தி, விமரிசை, திடம், அறிவு, பக்தி, தெய்வபயம் என்று ஏழு சொல்வார்கள். அற்புத வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு நின்றுபோயின என்பார் ஒரு சாரார். இன்றைக்கும் உண்டு என்பார்கள் பெந்தெகொஸ்தே சபையார். அமெரிக்காவில் பீட்டர் வாக்னர் என்ற பேராசிரியர் 1979-இல் வெளியிட்ட புத்தகத்தில் 27 வரங்களை எண்ணிக் காட்டினார். மார்க் போடுகிற கேள்வித்தாள்கள் பரவியதும் அந்தக் காலத்திலிருந்துதான். கேள்வித்தாளை நான் பழிக்கவில்லை. வாயே திறக்காத கூச்ச சுபாவிகளுக்கு அது ஓர் ஆரம்பம். ஆனால் அது நம்மை நம்மிடமே விசாரிக்கிறது. நம்மைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும்?

எமி கார்மைக்கேல் அம்மையாரின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1867-இல் அயர்லாந்தில் பிறந்தவர். சின்னக் குழந்தையாக இருக்கும்போது, நீலக் கண் வேண்டுமென்று ராத்திரி ஜெபம் செய்துவிட்டுத் தூங்கினாராம். காலையில் நாற்காலிமேல் ஏறிக் கண்ணாடியில் பார்த்தால் அதே பழுப்புக் கண்! பிற்காலத்தில் இங்கே வந்து புடவை கட்டிக்கொண்டு நம் பெண்களோடு கலந்து நடமாடியபோது, அந்தப் பழுப்புக் கண்தான் கைகொடுத்தது என்று சொல்வார்கள்.

1895-இல் இந்தியாவுக்கு வந்து, பிறகு திருநெல்வேலிச் சீமையில் தமிழ் படித்தார். சில தமிழ்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார். இதுதான் என் வேலை, இதற்காகத்தான் வந்தேன் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. 1901 மார்ச்சில், கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிட ஏற்பாடாகியிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடிவந்து அவர் மடியில் ஏறிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். அப்புறம் கைக்குழந்தைகள். ராத்திரியெல்லாம் கண் விழிக்க வேண்டும். பால் காய்ச்ச வேண்டும். துணி அலச வேண்டும். குழந்தைகளை விட்டுவிட்டு வண்டி கட்டிக்கொண்டு போவது எப்படி?

அம்மையாருக்கே மனம் தடுமாறிற்று. பிரசங்கத்தை விட்டுவிட்டு ஆயா வேலை பார்ப்பது சரிதானா என்று தம்மையே கேட்டுக்கொண்டதைப் பின்னால் எழுதியிருக்கிறார். இயேசுநாதர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவிய காட்சிதான் அவருக்கு வழிகாட்டியது. வண்டிப் பயணம் நின்றது. டோனாவூரில் குழந்தைகள் இல்லம் வளர்ந்தது.

அவரோடு இருந்த பொன்னம்மாளை இங்கே மறந்துவிடக் கூடாது. இள வயதில் விதவையானவர். நெய்யூர் ஆஸ்பத்திரியை ஒட்டி அமைந்த கைக்குழந்தைகள் விடுதி அவர் பொறுப்பில் இருந்தது. மற்றவர்கள் செய்யக் கூசும் வேலையை வாய் பேசாமல் தாமே முதலில் செய்துவிடுவாராம். பிறகு யார் மறுப்பது? 1915-இல் அவர் இறந்தபோது டோனாவூருக்கு ஒரு கை ஒடிந்தது போலாயிற்று.

1931-இல் கீழே விழுந்து அடிபட்ட எமி அம்மையார், 1951-இல் இறக்கும் வரை பெரும்பாலும் தம் அறையிலேயே கிடந்தார். படுக்கையிலிருந்தே பல புத்தகங்கள் எழுதினார். அவர் சமாதியில் கல்லறைக் கல் இல்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி இருக்கிறது. அதில் பொறித்திருப்பது 'அம்மா' என்ற ஒரே சொல். அது குழந்தைகள் கொடுத்த பெயர்.

இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டுக் காபிக்குப் பாலை அடுப்பில் வைத்தேன். அக்கா ஒன்றும் பேசவில்லை.

"அக்கா, உங்கள் சபையில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதலில் யாருக்கு ஆள் வருகிறது?"

கொஞ்சம் யோசித்தார். "எனக்குத்தான்."

"நடு ராத்திரியிலுமா?"

"எந்நேரமானாலும்தான். போன மாசங்கூட, புருஷனைப் பறிகொடுத்த ஒரு சின்னப் பெண். யாரையும் கிட்டே சேர்க்கவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. விடிகிற வரையில் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். அப்புறம் காபி போட்டுக் கொடுத்தேன், குடித்தாள்."

"பின்னே, இரக்கத்துக்கு எப்படி 4 வந்தது?"

"மற்றவர்கள் துயரத்தைக் கண்டால் மனம் உருகுகிறதா என்றல்லவா கேட்டிருக்கிறது? அங்கே உருகிக்கொண்டிருக்க நேரம் ஏது? தண்ணீர் சுட வைக்க வேண்டும், பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று பார்க்க வேண்டும். உள்ளதைச் சொல்ல வேண்டுமே, 1 போட்டேன்."

பேச்சு சுவாரஸ்யத்தில் பால் பொங்கி வழிந்துவிட்டது. நான் எழுந்திருப்பதற்குள் அக்கா ஓடிப்போய் அடுப்பை அணைத்து, பிடிதுணியை எடுத்து மேடையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

காபியைக் குடித்துவிட்டுப் போகும்போது காகிதக் கற்றையை மறக்காமல் எடுத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, ரப்பர் வைத்த பென்சில் ஒன்று இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.